குமரா கிழங்கு சேர்த்த ரொட்டி

என் மெரேயானா,

நீ ஹாமில்டன் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து ரொட்டி பொங்க நீ வளர்க்கும் உருளைக்கிழங்குப் புளிமாவுக்கு நான்தான் மாவும் சர்க்கரையும் தீனி போடுகிறேன். கவலைப்படாதே, உயிரோடு இருக்கிறது.

சனிக்கிழமை ரொட்டி சுட்டேன். கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவன் புத்தி போகுமா? நீ சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதி, கிராம் கணக்கில் நிறுத்துப் போட்டேன். கல்லாக வந்தது. உன் தங்கை குரா தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இதை வீடு கட்டுறவங்களுக்குக் குடுத்துடுங்க" என்றாள்.

"எழுதினபடி ஓடுற வேலையில என்னய்யா கற்பனை இருக்கு?" என்று நீ கேலி செய்வாய். "உன் ரொட்டியும் எழுதி வச்ச குறிப்புதானே?" என்று நானும் விடமாட்டேன். நாம் ரெண்டு பேரும் சொன்னது தப்பு. எழுதினது ஓடாமல் நிற்கும்போதுதான் எனக்குப் புதிதாக ஏதாவது தோன்றும். உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மறுநாள் தராசை எடுத்து வைத்துவிட்டு மாவில் கை வைத்தேன். வறண்டிருந்தது. தண்ணீர் தெளித்தேன், இன்னும் கேட்டது. நீ ஒருநாளும் சேர்க்காத குமரா சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் மசித்துப் போட்டேன். ரொட்டி பொங்கி வந்தது. குரா நாலு துண்டு தின்றாள்.

டாக்டர் எனக்கும் போன் செய்தார். உன் வலது கையைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு பாத்திரத்தில் மாவோடு வருகிறேன். பதம் பார்த்துச் சொல்ல உன் இடது கை போதும். பிசைய நான் இருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்