மாப்பிள்ளை மட்டும் மக்கவில்லை

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அப்பாவின் குப்பைக் குவியல் எங்கள் இருவரையும்விட நலம். நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடிய சங்கதிதான், ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு அங்கே பால் பொங்கிவிடும், யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

பஸ் ஓட்டுவதை விட்டு ஓய்வாக உட்கார்ந்த நாளிலிருந்து உன் அப்பா கொல்லையில் உரம் போடுகிறேன் என்று கிளம்பியது உனக்குத் தெரியும். தெருமுனை ஜூஸ் கடைக்காரர் பழத்தோலைச் சும்மா தருகிறார் என்றதும் மூட்டை மூட்டையாகத் தூக்கி வந்து கொட்டினார். ஓசி என்றால் அவருக்கு அளவே கிடையாது, வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான். ஒரே வாரத்தில் எல்லாம் கூழாகி குடலைப் பிடுங்குகிற நாற்றம். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, பேஷண்டுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாயால் மூச்சு விடுகிறார்கள், நான் எப்போதுதான் பல்லைப் பார்ப்பது என்று கேட்டார். சீக்கிரம் சரி செய்யாவிட்டால் நகராட்சியில் எழுதிக் கொடுத்துவிடுவாராம். அப்பா அவரிடம், நாற்றமா, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார். ஆயுசு பூராவும் டீசல் புகை குடித்த மூக்கு, அதற்கு என்ன தெரியும்.

அப்போதுதான் உனக்குப் போன் போட்டோம். தோலில் இருப்பது தழைச்சத்து, காய்ந்த இலையிலும் காகிதத்திலும் இருப்பது கரிச்சத்து, ஒரு வாளி ஈரத்துக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்தது போடணும், இல்லாவிட்டால் நாறும் என்று நீ சொன்னாய். சொல்வது சுலபம். இந்தத் தெருவில் இலை உதிர்க்க ஒரு மரம் உண்டா? பேப்பர் வாங்குவதை அப்பா எப்போதோ நிறுத்தியாயிற்று, எல்லாம் போனிலேயே படிக்கிறார். தச்சரிடம் கிடைத்தது பிளைவுட் தூள், பசை கலந்தது ஆகாது என்று நீயே சொல்லிவிட்டாய். அப்பா வீடு முழுக்கத் துழாவிவிட்டு உன் அறைக்குள் போய்ப் பரணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு வெளியே போய்விட்டார்.

பரண்மேல் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். உன் கல்யாணப் பத்திரிகை, கொடுத்தது போக மிச்சம், ஒரு பெரிய பெட்டி நிறைய. நீ இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றபோது எனக்கு வருத்தமே இல்லை, சிரிக்கும்போதுகூடக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்த பையன் அவன். ஆனால் பெட்டியைத் தூக்கிப் போடக் கை வரவில்லை, ஏன் என்றால் எனக்கே தெரியாது. போன தடவை வந்தபோது நீ உன் கட்டிலை விட்டுவிட்டுக் கூடத்து சோபாவில் சுருண்டு படுத்தாய், அறையில் புழுக்கம் என்றாய். அதற்கப்புறம் லீவு இல்லை, லீவு இல்லை என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறாய். புழுக்கம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? ஏணியைப் போட்டு நானே ஏறிப் பெட்டியை இறக்கினேன். அப்பா அதைத் தொடக்கூட இல்லை, "அது போயிட்டா பாப்பா வந்து அந்த ரூம்ல படுப்பாளா?" என்று மட்டும் கேட்டார். கத்தரிக்கோல் எங்கே என்று அவரை அதட்டினேன்.

இரண்டு பேரும் உட்கார்ந்து கிழித்தோம், ஆரம்பித்துவிட்டால் அதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் உன் அப்பாவுக்கு நடுவழி என்பதே கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள் என்றால் பெட்டியையே கவிழ்த்துவிட்டார். நாற்றம் போயிற்று, கூடவே சூடும் போயிற்று, கரிச்சத்து கூடிப்போய்க் குவியல் சவமாகக் கிடந்தது. மறுபடி ஜூஸ் கடைக்கு ஓடி, இந்தத் தடவை அளவாகத் தோலைச் சேர்த்துக் கிளறின பிறகுதான் கையை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. இப்போது டாக்டரே தன் வீட்டுக் காய்கறித் தோலைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போகிறார், நகராட்சியை மறந்துவிட்டார்.

போன வாரம் அப்பா உரத்தைச் சலித்தார். கறுப்பாக, உதிரி உதிரியாக, மழை பெய்த மண் வாசனை. ஒரே ஒரு குறை. அந்தப் பத்திரிகையைப் பையன் வீட்டில்தானே அடித்தார்கள், அவன் பேரையும் பட்டத்தையும் கொட்டைக் கொட்டையாகத் தங்கத் தகடு எழுத்தில் போட்டு, உன் பேரை அடியில் சாதா மையில் பொடியாகப் போட்டிருந்தார்கள். மை மக்கிவிட்டது, தகடு மக்கவில்லை. சல்லடையைத் தூக்கினால் மாப்பிள்ளை மட்டும் துண்டு துண்டாக மினுக்கிக்கொண்டு மேலே நிற்கிறார். நான் சிரித்த சிரிப்பில் டாக்டர் ஊசியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார். பொறுக்கி எடுத்துக் குப்பை வண்டியில் அனுப்பியாயிற்று.

பரணைத் துடைத்துவிட்டேன், அங்கே ஒரு பழைய மின்விசிறியைத் தவிர இப்போது ஒன்றும் இல்லை. உன் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்துவிட்டேன். அந்தப் பேச்சை நானோ அப்பாவோ எடுக்க மாட்டோம், வேறு யாராவது எடுத்தால் பல் பிடுங்கப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, வந்து உன் கட்டிலில் படுத்துத் தூங்கு.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவர் ஆசீர்வாதமும். வரும்போது கண் நெருக்கமான சல்லடை ஒன்று மறக்காமல் வாங்கி வா. இருக்கிற சல்லடையில் அவன் பொடிப்பொடியாகத் தப்பித்துத் தக்காளிச் செடிவரை போய்விடுகிறான்.

இப்படிக்கு,
பரணைக் காலி செய்த உன் அம்மா