கோடு தெரியாத குப்பி

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்று பெய்த மழையில் பயிற்சி விமானம் வெளியே நனைந்து நின்றது. காலையில் விதிப்படி இறக்கைத் தொட்டியின் அடியிலிருந்து எரிபொருளைக் குப்பியில் வடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கி, இடையே ஒரு கோடு தெரியும். கோடு இல்லை. சரி என்று கையெழுத்திட்டேன்.

என் மாணவி கவிதா குப்பியை வாங்கி மோந்து பார்த்தாள். “சார், விமான எண்ணெய் நீலமாதானே இருக்கும்? இதுல வாசமே இல்ல லா. முழுக்கத் தண்ணி!”

கோடு தெரியாததற்குக் காரணம் அதுதான். அப்படியே வானில் ஏறியிருந்தால், ஓடுபாதைக்கு அப்பாலுள்ள, பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் இயந்திரம் நின்றிருக்கும். சிறு விமானங்கள் ஏன் விழுகின்றன என்ற வகுப்பில், முழுக்கத் தண்ணீரானாலும் கோடு தெரியாது என்பதை முதல் பாடமாகச் சொல்பவன் நான்.

“விடுங்க சார், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தகைய தவறுகளுக்குப் பயிற்சிப் பள்ளியில் கொடுக்க வேண்டிய அறிக்கையில், காரணம் என்ற இடத்தில் மழை என்று எழுதினால் பொய்யாகாது. என் பெயரை எழுதினேன். நாளை கொடுத்தால் உரிமம் போனாலும் போகலாம். அதைவிட வேறொன்றுதான் உறங்கவிடவில்லை. இதற்கு முன் எத்தனை மழைக்காலக் காலைகளில் கோட்டை மட்டும் தேடிவிட்டுக் கையெழுத்திட்டேன் என்பது எனக்கே தெரியவில்லை.