பாட வேண்டாம் என்று சொன்ன மனைவி

ஜூன் 6, வெள்ளி

காலையிலிருந்து தூறல். துவைத்தது ஒன்றும் காயவில்லை. நாளை சென்னையிலிருந்து டி.வி.காரர்கள் வருகிறார்கள். பாட்டுப் போட்டியில் என் வீட்டுக்காரர் அருள் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து குடும்பக் கதை எடுப்பார்களாம்.

செய்ய வேண்டியது: ஒட்டடை. சோபா உறை. பச்சைப் புடவை இஸ்திரி. க்ளினிக்கில் லீவு கேட்க வேண்டும். பல் டாக்டருக்கு சனிக்கிழமைதான் கூட்டம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இந்த நிகழ்ச்சியை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். பாட்டுக்காகவா? பாட்டுதான் போனிலேயே கிடைக்கிறதே. எனக்குப் பிடித்தது பாட்டுக்கு முன்னால் வரும் கதை. அம்மா இட்லிக் கடை, அப்பா ஆட்டோ, யாரோ ஒருவர் 'உனக்கெல்லாம் எதுக்குப் பாட்டு' என்று திட்டியிருப்பார். அந்தப் பிள்ளை வாயைத் திறந்ததும் திட்டினவர் முகத்தில் கரி. அதில் ஒரு சுகம். நன்றாக அழுதுவிட்டுத்தான் தோசை ஊற்றப் போவேன்.

அருள் ஏ.சி. மெக்கானிக், சர்ச் கொயரில் மட்டும் பாடியவர். நாளைக்கு எங்கள் கதை. தூக்கம் வருமா தெரியவில்லை.

ஜூன் 7, சனி

தலைவலி. டைரக்டர் ஒரு சின்னப் பெண். உள்ளே வந்ததும் முதல் வார்த்தை: "ஒட்டடை அடிச்சிட்டீங்களாக்கா?" அதில் அப்படி ஒரு ஏமாற்றம்.

ஃப்ரிட்ஜ் புதுசாகத் தெரிகிறதாம். பெட்ஷீட் போட்டு மூடினார்கள். சோபா பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஜெயம்மா ஆன்ட்டி வீட்டுக்குப் போனது. ஆன்ட்டிக்கு ஒரே குழப்பம். "ஏனம்மா, வீடு காலி பண்றீங்களா?"

அப்புறம் அந்தப் பெண் கேட்டாள்: "இவர் பாடுறதை வீட்ல யாருக்கா எதிர்த்தது?"

"யாரும் இல்லியேம்மா."

"யாராவது இருப்பாங்கக்கா. மாமனார்?"

"அவர் தவறிட்டார். இவருக்கு ஆர்மோனியம் வாசிச்சதே அவர்தான்."

உதட்டைப் பிதுக்கினாள். ஆடிஷனுக்கு வீடியோ எடுத்து அனுப்பினதே நான்தான் என்று சொன்னேன். மாடியில் கொடித்துணி படத்தில் விழக் கூடாதென்று சிவப்பு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் நின்று எடுத்தேன். பக்கத்து வீட்டு மோட்டார் சத்தத்தை நிறுத்தச் சொல்லி இறங்கி இறங்கி ஏறினேன். எல்லாம் சொன்னேன்.

"சூப்பர்க்கா. ஆனா இதுல ஒரு சண்டை இல்லியே."

அருள் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற முகம். "ஒரு வரிதானே, ஸ்டெல்லா. எனக்காக."

சொன்னேன். 'பாட்டு சோறு போடுமான்னு கேட்டேன்.' திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். கண்ணீர் வரவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் போட்டது நேற்று துவைத்த பெட்ஷீட், அதை ஒருத்தன் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு நின்றான். பார்த்ததும் எரிச்சலில் பொலபொலவென்று வந்துவிட்டது. "இதான்க்கா, இதான்!" என்று குதித்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

ஒளிபரப்பு. அருள் சென்னையில். ஜெயம்மா ஆன்ட்டியோடு பார்த்தேன்.

பாட்டில் பாதியை வெட்டிவிட்டார்கள். என் வரி மட்டும் முழுசாக, கறுப்பு வெள்ளையில், இடி சத்தத்தோடு. நடுவர் மேடையில் கேட்கிறார், இப்போ மனைவி என்ன சொல்றாங்க? இவர் சொல்கிறார்: "பரவால்ல சார். இப்ப அவளே புரிஞ்சுக்கிட்டா."

நான் எதைப் புரிந்துகொண்டேன்?

விவேக் நகரிலிருந்து மாமியார் போன். "என் புள்ளைய அப்டியா பேசுன?"

உண்மையைச் சொல்ல வேண்டும். வேறு எவளாவது இப்படிச் சொல்வதை டி.வி.யில் பார்த்திருந்தால் நானும் அவளைத் திட்டித் தீர்த்திருப்பேன். ரசித்துத் திட்டியிருப்பேன்.

ஜூன் 16, திங்கள்

க்ளினிக். வாய் நிறையப் பஞ்சு வைத்துக்கொண்டு ஒரு பேஷன்ட் விரலை நீட்டுகிறார்: "நீங்கதான அந்த சோறு…" பால் வாங்க மறந்தேன்.

ஜூன் 18, புதன்

டைரக்டர் பெண் போன். போன வாரம் என் சீன்தான் ஹிட்டாம். வெள்ளிக்கிழமை சென்னைக்கு வர வேண்டுமாம். அருளுக்குத் தெரியாமல் மேடை ஏறி, ஸாரி சொல்லி, கட்டிப்பிடித்து. அருளுக்குத் தெரியாமலாவது! பின்னாலேயே அவர் போன்.

"வந்து ஒரு ஸாரி சொல்லிட்டுப் போயிடு. ஜட்ஜுக்கெல்லாம் அது பிடிக்கும்."

"வீடியோ எடுத்தது யாருன்னு அங்க சொன்னீங்களா?"

"அவங்க கேக்கல."

கேட்கவில்லையாம். குக்கர் விசில் வந்தது, போனை வைத்துவிட்டேன். ஸாரி சொல்லாவிட்டால் அவரை வெளியே அனுப்பிவிடுவார்களோ? சொன்னால் இனி காலத்துக்கும் நான் அந்தப் பொம்பளைதான்.

ஜூன் 21, சனி

ரயிலில் திரும்பினோம். இரண்டு பேரும்.

நேற்று மேடையில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ஸாரி சொல்லத்தான் போனேன். சத்தியமாக. ஆனால் அந்த வெளிச்சத்தில் இவர் பூப்போட்ட கோட்டுடன் என்னை மன்னிக்கத் தயாராகக் கையை விரித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது. "நான் எதிர்க்கல. பக்கெட் மேல நின்னு அந்த வீடியோவை எடுத்ததே நான்தான்" என்று ஆரம்பித்து மோட்டார் வரைக்கும் சொல்லிவிட்டேன். அழுகையும் வந்தது. கைதட்டினார்கள். டைரக்டர் பெண் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவர் பாடினார். சரணத்தில் சுருதி போய்விட்டது. அவுட்.

ஜோலார்பேட்டை தாண்டியதும் "என்னாலயா?" என்று கேட்டேன். "சுருதி போச்சு. அதான்" என்றார். அப்படித்தானா?

இன்னொரு கூத்து. ஒளிபரப்பாகும் வரை அவுட் என்று யாருக்கும் தெரியக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதுவரை வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்க வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

அவர் பனியனைக்கூட உள்ளேதான் காயப் போடுகிறேன். பாத்ரூமில் ஹம்மிங். கதவைத் தட்டி அடக்கினேன். ஜெயம்மா ஆன்ட்டி: "அருளு சக்கத்தா, பிரமாதமா பாடுறான். எப்ப வர்றான்?" ஷூட்டிங் முடிஞ்சு வருவார் என்று பொய். ஜெபமாலை கையில் இருக்கும்போது.

ஜூன் 29, ஞாயிறு

மழை. நிகழ்ச்சி பார்க்கக் கூப்பிடாமலேயே வந்துவிட்டார்கள். ஜெயம்மா ஆன்ட்டி, கொயரிலிருந்து பிலோமினாக்காவும் இன்னும் சிலரும். போண்டா அவர்களே கொண்டுவந்தார்கள். அருள் பெட்ரூமில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.

என் சீன் வந்தது. மைக்கை வாங்குகிறேன், வாயைத் திறக்கிறேன், வயலின். உதடு மட்டும் அசைகிறது. கண்ணீர் பெரிதாக. கீழே எழுத்தில்: மன்னிப்புக் கேட்ட மனைவி. அத்தோடு விளம்பர இடைவேளை.

பிலோமினாக்கா என் கையைப் பிடித்தார். "ஸாரி கேட்டியே, அதுவே பெரிய மனசு."

"பிடம்மா, விடு, ஆனது ஆச்சு" என்றார் ஜெயம்மா ஆன்ட்டி.

வாயில் போண்டா. விழுங்கவும் முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன்.

தாழ்ப்பாள் சத்தம். லுங்கி பனியனோடு அருள்.

"அருளு! நீ சென்னையில இல்ல?"

"அவ ஸாரி கேக்கல" என்றார். "என் வீடியோவை எடுத்து அனுப்பினதே அவதான். மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஏறி இறங்கினா. அதைத்தான் மேடையில சொன்னா, வெட்டிட்டாங்க. நான்தான் ஆரம்பத்துலேருந்து வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"அதுக்கா அன்னிக்கு மோட்டாரை நிறுத்தச் சொன்னே?" என்று ஜெயம்மா ஆன்ட்டி என்னைப் பார்த்தார்.

பிலோமினாக்காவுக்குக் கவலை வேறு. "அப்போ… நீ அவுட்டா?"

"அவுட்டுக்கா."

"ஐயோ, ரிசல்ட்டை இப்பவே சொல்லிட்டியே!"

சொன்னதில் அந்தச் சிவப்பு பக்கெட்டை மட்டும் விட்டுவிட்டார். நானே எழுந்து சொன்னேன்.