கல்கத்தாவில் மக்ரூன் தேடிய நாள்

கல்கத்தா,
14-11-1970

அன்புள்ள அமராவதிக்கு, மருதாசலம் எழுதுவது. நான் நலம். அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா? ராயபுரத்தில் மழை உண்டா?

நம் கம்பெனி பனியனைப் பார்க்க பிரெஞ்சுக்காரர் ஒருவர் இங்குள்ள நம் விற்பனை டெப்போவுக்கு வந்திருக்கிறார். அவருக்கு அவர் ஊர் மக்ரூன் தின்ன ஆசை. பாதாம் மாவில் செய்த இரண்டு வில்லைகளுக்கு நடுவே க்ரீம் வைத்திருப்பார்கள். "ஊருலயே நல்லதாப் பார்த்து வாங்கிட்டு வாங்க, மருதாசலம்" என்று முதலாளி அனுப்பினார்.

பல கடைகள் ஏறி இறங்கி, ஒரு சந்துக் கடையில் நல்லதைக் கண்டுபிடித்தேன். அதை வாயில் போட்டபோது தெருவில் குண்டு வெடித்தது. கடைக்காரர் பருவா என்னை உள்ளே இழுத்து ஷட்டரை இறக்கினார். வெளியே ஓட்டமும் கூச்சலும். சற்று நேரத்தில் யாரோ ஷட்டரை அடித்தார்கள். பருவா விளக்கை அணைத்தார். இருவரும் மேஜைக்குப் பின்னால் குனிந்துகொண்டோம். பிறகு ஒரு பெண் குரல் கேட்டது. அவர் மனைவி. வெடிச் சத்தம் கேட்டு, கலவரத்துக்கு நடுவே அவரைத் தேடி ஓடி வந்திருக்கிறாள். உள்ளே வந்ததும் அவரை இரண்டு அடி அடித்துவிட்டுத்தான் அழுதாள்.

இப்போது எல்லாம் அமைதிதான். பருப்புப் பொடியும், தலைக்குத் தேய்க்க அரப்புத் தூளும் அனுப்பு. உன் பழைய சேலை ஒன்றும் வை, குளிருக்கு ஆகும்.

இங்கே கலவரம் என்று பேப்பரில் படித்தால், என்னைத் தேடி ரயில் ஏறிவிடாதே, அமராவதி. நீ ஏறிவிடுவாய். அந்த அம்மாளைப் பார்த்ததிலிருந்து எனக்கு அந்தப் பயம்தான்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உன்
மருதாசலம்