ஒரு பிடி அரிசி

எஸ்தர் அப்பாவுக்கு,

தங்கை தங்கபுஷ்பத்துக்கு வலி கண்டுவிட்டதாம். நீங்கள் துறைமுகத்திலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாமல் கொருக்குப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன். மீன்குழம்பு சட்டியில் இருக்கிறது. சோறு மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். அரிசி களையுமுன், கோயில் காணிக்கைக்கு ஒரு பிடி எடுத்துத் தகர டப்பாவில் போட்டுவிடுங்கள்.

நேற்று குடும்ப ஜெபத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். "ஆண்டவராண்ட பேசக்கூட உனுக்குத் தூக்கமா?" என்று கேட்டீர்கள். உடம்பு ஓய்ந்துபோயிற்று, அவ்வளவுதான். தினமும் அந்தப் பிடியைப் போடும்போதுதான் அவரிடம் பேசுகிறேன். முழங்கால் போட அப்போது நேரமில்லை, அவரும் போடச் சொன்னதில்லை.

இன்று உங்கள் கையால் போடும்போது ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.

ஞானப்பூ

கஷாயம் அடுப்போரம் இருக்கிறது. நேற்று ஜெபத்துக்குப் பிறகு போட்ட பிடியில் உங்கள் இருமலைத்தான் சொன்னேன். உங்கள் கோபத்தைச் சொல்லவில்லை.