வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை

அன்புள்ள அண்ணன் பூபதிக்கு, தேன்மொழி எழுதுவது.

அப்பாவுக்கு ஆபரேஷன் என்று மட்டும்தான் போனில் சொன்னேன். எதனால் என்று நீ கேட்டதும் வைத்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீ வேலை செய்யும் போர்வெல் லாரியில் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படி.

மிளகு பறிப்பு தொடங்கியதிலிருந்து அப்பாவுக்கு முழங்கால் வலி. செம்மேட்டு மருந்துக் கடையில் வாராவாரம் வலி மாத்திரை வாங்கி வந்தது நான்தான். விடிந்ததும் கடுங்காப்பியோடு ஒன்றைப் போட்டுக்கொண்டு மரம் ஏறுவார். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதை அப்பாவிடம் ஒரே ஒருமுறை சொன்னேன். "வயித்துல சோத்த வெச்சுக்கிட்டு எவன் கண்ணு மரம் ஏறுவான்? டிகிரி படிச்சவ, நீ வேணா ஏறு" என்று சிரித்தார். அடுத்த வாரமும் வாங்கி வந்து கொடுத்தேன்.

போன வியாழக்கிழமை காலை, பாதி ஏணியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கத்தியால் குத்தினது போல இருக்கிறது என்றார். "அந்த மாத்திரையவே குடு சாமி" என்றார். இரண்டு கொடுத்தேன். மதியத்துக்கு மேல் வலி கொஞ்சம் விட்டது. எட்டுக்கை அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று அம்மா விபூதி பூசினாள். மறுநாள் வயிறு பலகையாக இறுகிவிட்டது. காய்ச்சலில் பிதற்றினார். மலை இறங்கும்போது ஆம்புலன்ஸ் எழுபது வளைவிலும் திரும்பத் திரும்ப அவர் முனகியது இன்னும் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அந்த நேரம் கொஞ்சம் தெளிந்திருந்த அப்பா என்னைப் பார்த்தார். "நாங்க மாத்திரையே தொடறதில்லீங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரைப்பையில் மிளகு அளவு ஓட்டை. வயிறெல்லாம் சீழ். ஓட்டையைத் தைத்துவிட்டார்கள், விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதாம். ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். நேற்று அந்த மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

அப்பாவுக்கு இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. அம்மா வராண்டாவில் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். மாத்திரையால்தான் இப்படி என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

அப்பா கண் திறப்பதே குறைந்துவிட்டது. திறந்தால், "பூபதிகிட்ட மாத்திரை பேச்சு எடுக்காத கண்ணு, உன்னய வைவான்" என்கிறார். உனக்குத் தெரிந்துவிட்டது, இனி மறைக்க வேண்டாம் என்று அவர் காதில் நீயே சொல்ல வேண்டும் அண்ணா. என்னை வைவதானால் அவருக்குக் கேட்காமல் வெளியே வந்து வை.

இன்றைக்கே ரயில் ஏறு. அம்மன் உன்னை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தங்கை,
தேன்மொழி