அருள் சார் காரின் டிக் சத்தம்

திங்கள், 4

விடிந்ததிலிருந்து மழை. பட்டறை வாசலில் கணுக்கால் தண்ணீர். முட்டி வலி. பசியாற ரொட்டி, பால் விடாத தே ஓ இரண்டு.

அருள் சார் நேற்று மாலையே காரை விட்டுவிட்டுப் போயிருந்தார். தமிழ்ப்பள்ளி வாத்தியார். பதினோரு வருடம் ஓடிய சின்ன டர்போ கார். இன்று மத்தியானப் பள்ளியாம், கா. 9க்கு வந்து நின்றார்.

அவர் கேள்வி: எஞ்ஜினிலிருந்து புகை இறங்கும் ஹெட்டரைக் கம்பெனி போட்டபடியே விடலாமா, வெளியில் விற்கும் ஸ்டெயின்லெஸ் ஹெட்டருக்கு மாறலாமா. மாற்று, இழுவை கூடும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்களாம். அவருக்கு இழுவை பெரிதில்லை. காலையில் டிக் டிக் என்று ஒரு சத்தம், சில நாள் உள்ளே புகை வாடை. அதுதான் கவலை.

போனட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்தேன். குனிந்து கேட்டேன். ஒன்றுமில்லை. இன்ஜெக்டர் சத்தம் சார், எல்லாக் காடியிலும் உண்டு என்றேன்.

அவருக்குச் சொன்னது:
கம்பெனி ஹெட்டர் – வார்ப்பிரும்பு. கனம். டர்போ முழுக்க அதில்தான் தொங்குகிறது, தாங்கும். சத்தம் இல்லை.
வெளி ஹெட்டர் – மெல்லிய குழாய், வெல்டிங். கீழே முட்டுக் கொடுக்காவிட்டால் ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். சூடு. சத்தம். ரோட்டில் பிடித்தால் சம்மன்.
மெர்சிங் ரோட்டில் குரங்கும் செம்பனை லாரியும். அங்கே இழுவையை யாரிடம் காட்டப் போகிறார்?

இருப்பதே போதும் என்று அனுப்பிவிட்டேன். நல்ல மனிதர். வெள்ளி தவறாமல் மனைவி, எட்டு மாதக் கைக்குழந்தையோடு மெர்சிங்கில் மாமனார் வீட்டுக்குப் போவார்.

ஷட்டருக்கு கிரீஸ் போட வேண்டும். மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய், 5

வெயில். இரண்டு பிரேக், ஒரு கிளட்ச். முதுகு போய்விட்டது.

மத்தியானச் சோற்றில் லதா ஆரம்பித்தாள். பட்டறையில் பில்லும் போனும் அவள்தான். "ஏங்க, வாத்தியார் காடி நேத்து டிக் டிக்குனு அடிச்சிச்சே. ஆபீஸ் கதவு சாத்தியிருந்தும் எனக்குக் கேட்டுச்சு. எதுக்கு அப்படியே அனுப்பிட்டீங்க?"

பில்லை மட்டும் பார் என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் வேலை விஷயமாக அவளிடம் கத்தியது இதுவே முதல் தடவை. ரசத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். ரசம் ஆறிப்போனது.

புதன், 6

மேகமூட்டம். லதா சந்தைக்குப் போன நேரம். ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தேன். வலது காது: இல்லை. இடது: ஒட்டி வைத்தால் கொஞ்சம். பாட்டரி போய்விட்டதோ என்று திருப்பிப் பார்த்தேன். முள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் ரேஸ் பையன்களுக்கு வெளி ஹெட்டர் மாட்டிக் கொடுத்தவன் நான். ஷட்டரை இறக்கிவிட்டு, எஞ்ஜினை முழு முறுக்கில் ஓடவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்து. காதடைப்பான் போட்டால் எஞ்ஜின் பேசுவது கேட்காது என்று பீற்றிக்கொண்டவனும் நான்தான். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதை.

பயமாக இருக்கிறது. காது கேட்காத மெக்கானிக்கிடம் எவன் காடியை விடுவான்?

கடிகாரத்தை மாட்டிவிட்டேன். லேசாகக் கோணல்.

வியாழன், 7

மறுபடி மழை. நாள் முழுக்க யார் பேசினாலும் தலையாட்டினேன். ஒருவர் ஏதோ கேட்க, ஆமாம் என்றேன். அவர் முறைத்தார்.

அருள் சார் நினைப்புதான். ஹெட்டரில் விரிசல் இருந்தால் எஞ்ஜின் ஆறியிருக்கும்போது டிக் அடிக்கும். சூடானதும் இரும்பு விரிந்து சத்தம் அடங்கிவிடும். ஆனால் விரிசல் விரிசல்தான். கசிகிற விஷப் புகையை ஏசி உள்ளே இழுக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா?

போன் செய்யவில்லை. என்னவென்று சொல்வது. நாளை பார்க்கலாம்.

வெள்ளி, 8

மா. 4.15. இப்போது கிளம்பிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக் கூப்பிட்டேன். எடுத்தார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. லதாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். கோத்தா திங்கி தாண்டிவிட்டார்களாம்.

"ஓரமா நிறுத்துங்க சார். கண்ணாடி எல்லாத்தையும் இறக்குங்க."

லதா கேட்டுச் சொன்னாள்: "புள்ள பின்னால தூங்குதாம். ஏசி ஓடுதாம். ஏன்னு கேக்குறாருங்க."

"திங்கக்கெழம ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல, அது எனக்குக் கேக்காததுனால சார். எனக்குக் காது போச்சு. ஹெட்டர் வெடிச்சிருக்கு, புகை உள்ள வரும். புள்ளைய வெளிய தூக்குங்க."

லதாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். கதவு திறக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது என்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்புறம் சொன்னாள்: "எழுப்பிட்டாங்களாம். அழுவுதுங்க. நல்லா அழுவுது."

அவளும் அழுதாள். நானும்.

அருள் சாரின் மைத்துனர் மெர்சிங்கிலிருந்து வந்து தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டாராம். கார் நாளை இழுவை லாரியில் வரும். இரவு சாப்பிடவில்லை.

சனி, 9

கார் வந்தது. அருள் சாரும் லாரியிலேயே வந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கிளினிக்கில் காட்டிவிட்டோம் என்றார். அவர் மனைவிக்குத்தான் தலைவலி, இன்னும் விடவில்லை.

தூசி உறிஞ்சும் மெஷினைத் திருப்பிப் போட்டுப் பின் குழாயில் காற்றை ஊதவிட்டு, ஹெட்டர் மேல் சோப்புத் தண்ணீர் அடித்தேன். இரண்டாவது குழாய்க்கும் மூன்றாவதுக்கும் நடுவே நுரை பொங்கியது. மயிரிழை விரிசல். இந்தச் சோதனைக்குக் காதே வேண்டாம். திங்களன்றே செய்திருக்கலாம். காதே போதும் என்ற திமிர். வெட்கமாக இருக்கிறது.

இப்போது எது போடலாம் என்று கேட்டார். கம்பெனி ஹெட்டர்தான் என்றேன். என் அலமாரியில் ஸ்டெயின்லெஸ் இரண்டு பளபளக்கிறது, இருந்தும்.

"இந்த வாட்டி நீங்க சொல்றத எப்படிண்ணே நம்புறது?" என்றார்.

நியாயமான கேள்வி.

ஞாயிறு, 10

ஹாஃப்-கட் கடை. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த கார்கள் கூரை வரை. அதே மாடலுக்கு மூன்று கம்பெனி ஹெட்டர் கிடைத்தது. கம்பியில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினால் நல்லது கணீர் என்னும், விரிசல் விட்டது செத்த சத்தம் போடும். தட்டினேன். மூன்றும் எனக்கு ஒன்றுதான்.

ஸ்பேனரை லதாவிடம் கொடுத்தேன். கடை முதலாளி தவுக்கே சிரித்தார். சந்தையில் சட்டி வாங்குகிறவள் மாதிரி ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் தட்டினாள். இரண்டாவதைத் தொட்டு, "இது பாடுதுங்க" என்றாள். மற்றதெல்லாம் தொண்டை கட்டியிருக்கிறதாம். இரண்டாவதை எடுத்தோம்.

மாலை மாட்டி முடித்தேன். புது கேஸ்கெட், புது நட்டு. ராத்திரி முழுக்க ஆறட்டும்.

வியாழன் கா. 10.30 காது டாக்டர். லதாவே பேசி வைத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

திங்கள், 11

மழை இல்லை. கா. 9, அருள் சார் வந்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். லதாவைக் கூப்பிட்டேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனட் பக்கம் வந்து குனிந்தாள்.

ஸ்டார்ட் செய்தேன். எஞ்ஜினைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டாள்.

அருள் சார் என்னைப் பார்த்து, எப்படி என்று கையாலே கேட்டார்.

"அவங்களக் கேளுங்க சார்" என்றேன்.